அடைத்த பல் மறுபடி ஏன் வலிக்கிறது?

எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு தொடர்ந்து மூன்று நாள்கள் வரவில்லை. நான்காம் நாள் கன்னத்தில் கை வைத்தபடி வந்து அமர்ந்தாள். கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லில் வலி. முந்தைய ஆண்டு சொத்தை என்று அடைத்ததும் அதே பல்தான். அவளுடைய அம்மாவை வரச்சொல்லி, மறுபடியும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள் என்றேன்.

"எதுக்கு சார்? போன தடவ வெச்ச சிமெண்டே ஆறு மாசத்துல கொட்டிப்போச்சு. பிடுங்கிட்டா ஒரே வலியோட போயிடும். சின்னப் புள்ளதானே, மறுபடி முளைச்சிக்கும்" என்றார்.

கூலி வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற அந்தத் தாயிடம் உடனே சொல்ல என்னிடம் தெளிவான பதில் இல்லை. அடைத்த பல் ஏன் விழுகிறது, ஏன் மறுபடி வலிக்கிறது என்பது அறிவியல் ஆசிரியரான எனக்கே சரியாகத் தெரியாது. பிறகு பல் மருத்துவரிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை நம் ஆசிரியர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். பல்வலியால் பாடம் இழக்கும் பிள்ளை நம் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார்.

மறுபடி முளைக்காத பல்

முதலில் அந்தத் தாயின் கடைசி வாக்கியம். பால் பற்கள் 20. அவை விழுந்து, அவ்விடத்தில் நிலையான பற்கள் முளைக்கின்றன. ஆனால் ஏறத்தாழ ஆறு வயதில், பால் பற்களின் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. இவை நிலையான பற்கள். எதுவும் விழாமல் முளைப்பதால் பெற்றோர் இவற்றையும் பால் பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் கொண்ட பற்கள் இவை. பிள்ளைகளின் நிலையான பற்களில் பெரும்பாலும் முதலில் சொத்தையாவதும் இவைதாம். ஒன்றாம் வகுப்பில் முளைக்கும் இந்தப் பல் ஆயுள் முழுவதும் மெல்லுவதற்கானது. பிடுங்கினால் அவ்வளவுதான். என் மாணவியின் பல்லும் இதுவே.

டென்டைன் என்னும் ஈரச் சுவர்

பல்லின் வெளிப்புற ஓடு எனாமல். எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாது உப்பு. உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதற்கு உள்ளே இருப்பது டென்டைன். இதில் சுமார் 70 விழுக்காடு தாது, 20 விழுக்காடு கொலாஜன் முதலிய கரிமப் பொருள், மீதி நீர். அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட பற்கூழ்.

டென்டைன் கெட்டியான சுவர் அன்று. பற்கூழிலிருந்து வெளிநோக்கி ஓடும் நுண்குழல்களால் ஆனது. எனாமலுக்கு அருகே ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறத்தாழ 20,000 குழல்கள். பற்கூழுக்கு அருகே 45,000க்கும் மேல். குழல்களும் உள்ளே போகப்போக அகலமாகின்றன: வெளிப்புறம் 1 மைக்ரானுக்கும் குறைவு, பற்கூழருகே சுமார் 2.5 மைக்ரான். அவற்றுள் திரவம் நிரம்பியிருக்கிறது. சொத்தைப் பல்லில் குளிர்ந்த நீர் பட்டதும் சுரீர் என்பது இந்தத் திரவம் அசைந்து நரம்பைத் தூண்டுவதால்தான்.

நாம் வகுப்பில் நடத்தும் அமில-காரப் பாடத்தை இங்கே நினைவுகூரலாம். வாயின் பி.எச். மதிப்பு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். டென்டைனோ 6க்குச் சற்று மேலேயே கரையத் தொடங்கிவிடும். அதாவது எனாமலைத் தொடாத மென்மையான அமிலமே டென்டைனைக் கரைக்கப் போதும். எனவே அடைப்புப் பொருளுக்கும் டென்டைனுக்கும் நடுவே இடைவெளி விட்டால், பாக்டீரியாவும் அமிலமும் அதன் வழியே இறங்கிப் பல்லின் வலுவற்ற பகுதியைத் தாக்கும். பாக்டீரியாவின் அளவு ஒரு மைக்ரான் போல. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கண்ணுக்குத் தெரியாத இடைவெளியும் அதற்கு அகலமான பாதைதான்.

பல் அடைப்பது என்றால் குழியை நிரப்புவது என்று நினைக்கிறோம். நிரப்புவது எளிது. ஓரத்தை மூடுவதுதான் கடினம். அடைப்பு நிலைப்பதும் விழுவதும் பெரும்பாலும் அந்த ஓரத்தைப் பொறுத்தவை.

கொத்தனார் சொல்லித்தரும் பாடம்

பழைய சுவரில் புதிதாகப் பூசும்போது கொத்தனார் நேரே சாந்தை அப்புவதில்லை. உளியால் கொத்திச் சொரசொரப்பாக்குவார், தூசியைத் தட்டுவார், தண்ணீர் தெளிப்பார், பூசிய பிறகும் பல நாள்கள் தண்ணீர் விடுவார். இதில் ஒன்றைத் தவிர்த்தாலும் பூச்சு சுவரை விட்டுப் பிரியும். தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். பல் அடைப்பும் இதைப் போன்றதுதான். பொருளுக்குப் பொருள் பிடிக்கும் விதம் மட்டும் மாறுகிறது.

பழைய வெள்ளி நிற அடைப்பான அமால்கம் பல்லோடு ஒட்டுவதே இல்லை. குழியின் வடிவத்தில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. தொடக்கத்தில் ஓரத்தில் கசிவு உண்டு; நாளடைவில் அந்த உலோகம் அரிப்பதால் உண்டாகும் பொருள்களே இடைவெளியை அடைத்துவிடும். அதில் பாதரசம் இருப்பதால், 2013-இல் உருவான மினமாட்டா உடன்படிக்கைக்குப் பிறகு உலக நாடுகள் அதன் பயன்பாட்டைக் குறைத்து வருகின்றன.

பல் நிறத்தில் வைக்கப்படும் காம்போசிட் ஒரு பிசின். 1955-இல் மைக்கேல் புவனகோர் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர் எனாமலைப் பாஸ்பாரிக் அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் பிடிக்கும் என்று காட்டினார். கொத்தனாரின் உளி செய்யும் வேலை அது. டென்டைன் ஈரமானது என்பதால் அங்கே இது எளிதாக இல்லை. 1982-இல் ஜப்பானின் நகபயாஷி, அமிலம் பட்டு வெளிப்பட்ட கொலாஜன் இழைகளுக்குள் பிசின் ஊடுருவி இறுகும் ஒரு கலப்பு அடுக்கை விளக்கினார். இன்றைய பசைகள் இந்த அடிப்படையில் வந்தவை. ஆனால் காம்போசிட் இறுகும்போது கன அளவில் சில விழுக்காடு சுருங்கும். எச்சில் பட்டால் பசை பிடிக்காது. ஆண்டுகள் செல்லச்செல்ல ஈரமும் நொதிகளும் அந்தக் கலப்பு அடுக்கைச் சிதைக்கும்.

மூன்றாவது, கிளாஸ் அயனோமர். ஆலன் வில்சன், பிரையன் கென்ட் இருவரும் லண்டன் அரசு வேதியியல் ஆய்வகத்தில் உருவாக்கி 1972-இல் அறிவித்த சிமெண்ட் இது. இதிலுள்ள கார்பாக்சில் தொகுதிகள் பல்லின் கால்சியத்தோடு நேரடியாக வேதிப் பிணைப்பு கொள்கின்றன. தனிப் பசை வேண்டியதில்லை. ஓரளவு ஈரத்தையும் தாங்கும். ஃபுளோரைடையும் சிறிது சிறிதாக வெளியிடும். பிணைப்பின் வலிமை காம்போசிட் பசையைவிடக் குறைவு. ஆயினும் இழுத்துப் பிரிக்கும் சோதனைகளில் பெரும்பாலும் சிமெண்டே நடுவில் உடைகிறது. பல்லை ஒட்டிய மெல்லிய அடுக்கு பல்லோடு தங்கிவிடுகிறது. எனவே அடைப்பு தேய்ந்து உடைந்தாலும் அடியில் குழல்களின் வாய் மூடியிருக்க வாய்ப்புண்டு.

1980-களின் நடுவில் தான்சானியாவில், மின்சாரம் இல்லாத ஊர்களிலும் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி இந்தச் சிமெண்டை வைக்கும் முறை தொடங்கியது. இன்று பல நாடுகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இம்முறை பயன்படுகிறது. நிலையான பல்லில் ஒரே பக்கத்தில் உள்ள சிறு குழியை இப்படி அடைத்தால், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் ஏறத்தாழ ஐந்தில் நான்கு நிலைக்கின்றன. குழி பெரிதாகி இரண்டு மூன்று பக்கங்களுக்குப் பரவிவிட்டால் இந்த அளவு கணிசமாகக் குறைகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் கிளாஸ் அயனோமரை இன்றியமையா மருந்துகள் பட்டியலிலேயே சேர்த்தது.

பயோஆக்டிவ் என்றால் என்ன?

இப்போது மருத்துவர்கள் 'பயோஆக்டிவ்' என்ற சொல்லை அடிக்கடி பயன்படுத்துகிறார்கள். 1969-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் லாரி ஹென்ச் ஒரு கண்ணாடியை உருவாக்கினார். உடல் திரவத்தில் அதன் மேற்பரப்பில் எலும்பின் தாதுவைப் போன்ற அடுக்கு வளர்ந்து, எலும்போடு ஒட்டிக்கொண்டது. உடல் திசுவோடு இப்படி வினைபுரிந்து தாதுவை உண்டாக்கும் பொருளே பயோஆக்டிவ் பொருள்.

பல்லுக்கு வந்த இவ்வகைப் பொருள்களுள் முதன்மையானது, 1993 வாக்கில் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தோராபினெஜாத் குழுவினர் அறிமுகப்படுத்திய எம்.டி.ஏ. என்னும் சிமெண்ட். இதன் அடிப்படை, நாம் வீடு கட்டும் போர்ட்லாண்டு சிமெண்டின் முதன்மைக் கூறான ட்ரைகால்சியம் சிலிக்கேட்டேதான். பல்லுக்கேற்பத் தூய்மையாகத் தயாரிக்கப்படுகிறது. வேகமாக இறுகும் பயோடென்டின் போன்றவை பின்னர் வந்தன.

கொத்தனாரின் சிமெண்டைப் போலவே இதுவும் தண்ணீரால் இறுகுகிறது. ஆகவே டென்டைனின் ஈரம் இதற்குப் பகையன்று. இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு வெளிப்பட்டுக் காரத்தன்மை உயர்கிறது. சிமெண்டிலிருந்து வரும் தாது டென்டைனின் குழல்களுக்குள் இறங்கிப் படிந்து, குச்சிகள் செருகியதுபோல் நிற்கிறது. பற்கூழ் உயிரோடு இருந்தால், அதற்கருகே புதிய டென்டைன் உருவாகவும் தூண்டுகிறது. ஆழமான சொத்தையில் பற்கூழைக் காக்க இதுவே பெரிய துணை.

அப்படியானால் இதையே முழுக் குழிக்கும் வைத்துவிடலாமே? முடியாது. மெல்லும் தேய்மானத்தையும் உணவின் அமிலத்தையும் மேற்பரப்பில் இது நெடுநாள் தாங்காது. எனவே அடியில் இதை வைத்து, மேலே காம்போசிட்டையோ கிளாஸ் அயனோமரையோ வைத்து மூடுகிறார்கள்.

எவ்வளவு நன்றாக மூடுகின்றன?

இதைச் சோதிக்க ஆய்வகத்தில் ஒரு வழி உண்டு. பிடுங்கிய பல்லில் அடைப்பை வைத்து, 5 டிகிரி, 55 டிகிரி செல்சியஸ் நீரில் மாறிமாறி நூற்றுக்கணக்கான முறை முக்குவார்கள். ஐஸ்கிரீமும் சூடான காபியும் தரும் பாடு அது. பிறகு மெத்திலீன் நீலம் போன்ற சாயத்தில் ஊறவைத்துப் பல்லை அறுத்து, ஓரத்தில் சாயம் எவ்வளவு தூரம் இறங்கியது என்று பார்ப்பார்கள்.

இத்தகைய சோதனைகளில் எந்தப் பொருளும் எப்போதும் முழுமையாக மூடுவதில்லை. முடிவுகள் ஒரு சோதனைக்கும் இன்னொன்றுக்கும் பெரிதும் மாறுபடுகின்றன. சாயத்தின் மூலக்கூறு பாக்டீரியாவைவிட மிகச் சிறியது என்பதால், சாயம் இறங்கியது என்பதற்காக வாயிலும் அங்கே சொத்தை வரும் என்று முடிவுகட்டவும் முடியாது. உண்மையான தேர்வு பிள்ளையின் வாயில்தான் நடக்கிறது.

2019-இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு இங்கே நினைவில் கொள்ளத்தக்கது. பயோஆக்டிவ் என்று விற்கப்பட்ட ஓர் அடைப்புப் பொருளை, தயாரிப்பாளர் சொன்னபடி பசையின்றிக் கடைவாய்ப் பற்களில் வைத்தார்கள். ஓராண்டுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒன்று தோல்வியுற்றது. பசையோடு வைத்த வழக்கமான காம்போசிட்டில் தோல்வி நாற்பதில் ஒன்று அளவே. பெயரில் 'பயோ' இருப்பதால் மட்டும் ஓரம் மூடிக்கொள்வதில்லை. குழி எவ்வளவு ஆழம், பல் ஈரமாக இருந்ததா, சொத்தை முறையாக நீக்கப்பட்டதா, அந்த இடத்துக்கு ஏற்ற பொருளும் பசையும் வைக்கப்பட்டனவா என்பவையே முடிவு செய்கின்றன.

நம் மாவட்டத்துப் பற்கள்

தருமபுரியில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இங்குள்ள பாறைகளின் தாதுக்களிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லையென்றால் 1.5 மில்லிகிராம்வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். இதை மிஞ்சிய ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டுகளும் பழுப்புக் கறையும் உண்டாகின்றன. இந்தியாவில் இந்த ஃபுளோரோசிஸ் நோய் 1937-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியிலிருந்துதான் முதன்முதலில் மனிதர்களில் விரிவாகப் பதிவு செய்யப்பட்டது. ஜப்பானியக் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்ததன் நோக்கமும் இதுவே.

இதில் ஆசிரியர்கள் அறிய வேண்டியவை மூன்று. ஒன்று, இந்தக் கறை சொத்தை அன்று. எனாமல் உருவாகும் வயதில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், உண்டான குறை அது. பல் துலக்காததால் வந்ததன்று. "பல்லே விளக்க மாட்டியா?" என்று வகுப்பில் கேட்கும் ஒரு சொல் அந்தப் பிள்ளையைச் சிரிக்கவே அஞ்சவைக்கும். இரண்டு, கறை படிந்த பல்லுக்கும் சொத்தை வரும். கடுமையான ஃபுளோரோசிஸில் எனாமல் பெயர்ந்து குழி விழுவதும் உண்டு. மூன்று, இத்தகைய பல்லின் எனாமல் மேற்பரப்பு அமிலத்தில் எளிதில் கரையாது. அதன் கீழே நுண்துளைகள் மிகுந்திருக்கும். ஆகவே வழக்கமான அமிலப் பூச்சில் பசை சரியாகப் பிடிப்பதில்லை. மருத்துவர்கள் மேற்பரப்பைச் சற்றுத் தேய்த்தோ, அமிலத்தை அதிக நேரம் வைத்தோ இதைச் சரிசெய்கிறார்கள். நம் பகுதிப் பிள்ளைக்கு அடைப்பு விழுந்தால் பெற்றோர் அலட்சியம் என்றோ மருத்துவர் குறை என்றோ உடனே முடிவுகட்டாமல் இருக்க இதைத் தெரிந்திருப்பது நல்லது.

வகுப்பறைச் செயல்பாடு

ஓரக் கசிவை மாணவர்க்குக் காட்ட எளிய வழி: சிறு எவர்சில்வர் கிண்ணத்தில் உருகிய மெழுகை ஆசிரியரே ஊற்றி முழுமையாக ஆறவிடுங்கள். மெழுகு சுருங்கி, நடுவில் குழிந்து, ஓரத்தை விட்டு விலகும். ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசல் கலந்த சிவப்பு மை நீரை ஓரமாகச் சொட்டுங்கள். கால் மணி நேரம் கழித்து மெழுகை வெளியே எடுத்தால், மேலே நன்றாக மூடியிருப்பதுபோல் தெரிந்த இடத்தின் பக்கவாட்டிலும் அடியிலும் மை இறங்கியிருப்பதை மாணவர்கள் காண்பார்கள். "அடைத்த பல்லையும் ஏன் துலக்க வேண்டும்?" என்று அப்போது கேளுங்கள். விடையை அவர்களே சொல்வார்கள்.

நாம் செய்யக்கூடியவை

2013 முதல் செயல்படும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும்போது பற்களையும் பரிசோதிக்கிறது. சொத்தை என்று குறித்துத் தந்த பரிந்துரைச் சீட்டு பைக்குள்ளேயே கிடந்துவிடாமல், பெற்றோர் கைக்குப் போனதா, அரசு மருத்துவமனைப் பல் மருத்துவப் பிரிவில் காட்டினார்களா என்று பத்து நாள் கழித்து ஒரு முறை கேளுங்கள். குழி சிறிதாக, ஒரே பக்கத்தில் இருக்கும்போது அடைத்தால்தான் நெடுநாள் நிற்கும். வலி வந்த பிறகு போவது பெரும்பாலும் காலம் கடந்து போவதாகும்.

அடைத்துக்கொண்டு வந்த பிள்ளையைக் குறைந்தது ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிட விடாதீர்கள். கிளாஸ் அயனோமர் சில நிமிடங்களில் இறுகினாலும் முழு வலு பெற ஒரு நாளாவது ஆகும். அன்று சத்துணவை மறுபக்கத்தில் மெல்லச் சொல்லுங்கள். கடலை மிட்டாய், முறுக்கு அன்று வேண்டாம். மருத்துவர் வேறு அறிவுரை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றச் செய்யுங்கள்.

அடைப்பு விழுந்தால் அதைச் சிகிச்சையின் முடிவாகக் கொள்ள வேண்டாம். வலி இல்லாவிட்டாலும் அந்த வாரமே மறுபடி காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஓரங்களைப் பார்க்கச் சொல்லலாம்.

"தண்ணீரில் ஃபுளோரைடு கெடுதல் என்கிறீர்கள், பற்பசையில் மட்டும் நல்லதா?" என்று மாணவர் கேட்பார். குடிநீரோடு நாள்தோறும் உடலுக்குள் போகும் மிகையான ஃபுளோரைடு பல் உருவாவதைக் கெடுக்கிறது. முளைத்த பல்லின் மேல் பட்டுத் துப்பப்படும் ஃபுளோரைடு எனாமலை வலுவாக்குகிறது. மூன்று முதல் ஆறு வயதுவரை பட்டாணி அளவு பசை போதும்; விழுங்காமல் துப்பப் பழக்க வேண்டும்.

அந்த மாணவியின் அம்மாவிடம் இரண்டாம் முறை பேசியபோது, இது மறுபடி முளைக்காத பல் என்பதை மட்டும் முதலில் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப நாளைக்கே கூட்டிட்டுப் போறேன் சார்" என்றார். நல்ல வேளையாகப் பற்கூழ் உயிரோடு இருந்தது. அடியில் கால்சியம் சிலிக்கேட் சிமெண்டும் மேலே காம்போசிட்டும் வைத்தார்கள். இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கிறாள். அந்தப் பல் இன்றுவரை அடைத்தபடியே இருக்கிறது. அடுத்த பரிசோதனை நாளை அவளே தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறாள்.